கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்



சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகள் லீவில் வீட்டுக்கு வரும்போது, தேக்காவில் வாங்கி வரும் சாமான்களோடு கீழாநெல்லிப் பொடியும் வருகிறது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் அதை டப்பாவிலும் பொட்டலத்திலும் விற்கிறார்கள். "ஈரலுக்கு நல்லதாம், வெச்சுக்கோங்க" என்று பிள்ளைகள் கொடுக்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் சும்மா முளைத்துக் கிடக்கிற செடிதான் அது. காசு கொடுத்து வாங்கினாலும், கொல்லையில் பிடுங்கினாலும், அது எந்த அளவுக்குக் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அது தெரியாததால் உயிர் போன குடும்பங்கள் தோட்டங்களில் உண்டு. ஆகவே இந்த இதழில் கீழாநெல்லியைப் பற்றிப் பார்ப்போம்.

செடியை எப்படி அடையாளம் காண்பது?

ஒரு முழம், மிஞ்சினால் ஒன்றரை முழம் உயரம் வளரும். இலை புளிய இலை மாதிரி சின்னதாக வரிசையாக இருக்கும். கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலைக்கு அடியில் கடுகைவிடச் சற்றே பெரிய காய்கள் நெல்லிக்காய் வடிவத்தில் தொங்கும். கீழே காய்ப்பதால் கீழாநெல்லி. மலாய்க்காரர்கள் இதை 'டுக்கோங் அனாக்' என்கிறார்கள். பிள்ளையைச் சுமப்பது என்று அர்த்தம். சீனர்கள் 'யே சியா ஜூ' என்கிறார்கள். இலைக்கடியில் முத்து என்று பொருள். மூன்று இனத்தாரும் இலைக்கு அடியில் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்! சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் பூந்தொட்டியிலும், நடைபாதை வெடிப்பிலும்கூட இது தானாக முளைக்கும்.

இதே சாயலில் வேறு செடிகளும் உண்டு. தண்டு சிவந்தும், காய் சொரசொரப்பாகவும், காம்பில்லாமல் தண்டோடு ஒட்டியும் இருந்தால் அது வேறு இனம். நாம் சொல்லும் கீழாநெல்லிக்குத் தண்டு பச்சை, காய் வழவழப்பு, சின்னக் காம்பும் இருக்கும். கடையில் விற்கும் காய்ந்த சரக்கில் இரண்டும் கலந்து வருவது உண்டு. பொடியாகிவிட்டால் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

பெரியவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள்?

முதலாவது மஞ்சள் காமாலைக்கு. செடியை வேரோடு பிடுங்கி, கழுவி, அம்மியில் மைபோல அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பு, புளி, எண்ணெய், மாமிசம் தள்ளிப் பத்தியம் இருக்கச் சொல்வார்கள். உடல் சூட்டுக்கும், நீர்க்கடுப்புக்கும் இதைக் கொடுப்பது உண்டு. சொறி சிரங்குக்கு இலையை உப்போடு அரைத்துப் பூசுவார்கள். தலைக்கு எண்ணெய் காய்ச்சும்போதும் போடுவார்கள். கடலுக்கு அப்பால் பிரேசில் நாட்டிலும் இந்த இனச் செடியைச் சிறுநீர்க் கல்லுக்குக் குடிக்கிறார்கள். அவர்கள் வைத்த பெயருக்கு 'கல்லுடைப்பான்' என்று அர்த்தம்.

இத்தனை நாட்டு மக்கள் இத்தனை காலம் நம்பிய செடியை ஒன்றுக்கும் உதவாத களை என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் காமாலை விஷயத்தில் சில விவரங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

கண் ஏன் மஞ்சளாகிறது?

நம் இரத்தத்தில் இருக்கும் சிவப்பு அணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். பிறகு உடையும். உடையும்போது 'பிலிருபின்' என்ற மஞ்சள் சாயம் உண்டாகும். அதை ஈரல் வாங்கி, பித்தத்தோடு கலந்து குடலுக்கு அனுப்பிவிடும். மலத்துக்கு நிறம் வருவது அதனால்தான். இந்த வேலை எங்கே தடைப்பட்டாலும் சாயம் இரத்தத்திலேயே தங்கி, கண்ணிலும் தோலிலும் ஏறும். சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி போகும்.

ஆகவே மஞ்சள் காமாலை என்பது ஒரு தனி வியாதியின் பெயர் அல்ல, அது ஓர் அடையாளம். ஸ்டோரில் மணி அடித்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும். தீயா, திருடனா என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். காமாலையும் அப்படித்தான்.

காமாலைகள் பலவிதம்

ஒன்று, ஹெபடைடிஸ் 'ஏ'. அசுத்தத் தண்ணீராலும் உணவாலும் வருவது. 1983ல் சிங்கப்பூரில் இது பலருக்குப் பரவியது. விசாரித்துப் பார்த்தபோது அரைவேக்காடாகத் தின்ற கெராங் சிப்பிதான் காரணம் என்று தெரிந்தது. 1988ல் ஷாங்காய் நகரில் இதேபோல் சிப்பி தின்று சுமார் 3 லட்சம் பேர் படுத்தார்கள். இந்தக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும்.

இரண்டு, ஹெபடைடிஸ் 'பி'. தாயிடமிருந்து பிள்ளைக்கும், இரத்தம், ஊசி, சவரக் கத்தி, உடலுறவு வழியாகவும் ஒட்டும். சிறு வயதில் ஒட்டினால் பெரும்பாலும் உடம்பைவிட்டுப் போகாது. வருஷக்கணக்கில் சத்தம் போடாமல் ஈரலைத் தின்று, 40, 50 வயதில் ஈரல் சுருக்கமாகவோ ஈரல் புற்றுநோயாகவோ வந்து நிற்கும்.

மூன்று, எலிக்காய்ச்சல். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடந்தால், கால் வெடிப்பு வழியாகக் கிருமி ஏறும். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, அதன்பிறகு மஞ்சள். சிறுநீரகமும் கெட்டுவிடும். முதல் சில நாளிலேயே சரியான ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தால் பிழைக்கவைக்கலாம். மலேசியாவில் 2010 முதல் இதைச் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

நான்கு, சம்சுவும் மற்றக் குடியும் கெடுத்த ஈரல். ஐந்து, பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்துக்கொள்வது. இதில் மலம் வெளுத்துப் போகும், உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கும்.

ஐந்துக்கும் கண் மஞ்சள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எலிக்காய்ச்சலுக்கு வேண்டியது ஊசி மருந்து, கல்லுக்கு வேண்டியது குழாய் அடைப்பை நீக்குவது. அரைத்த கீழாநெல்லி இந்த இரண்டையும் செய்யாது.

"அப்போ எங்க வீட்டுல குணமாச்சே?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத பாட்டி கிடையாது. "டிரஸர் ஐயா, எம் பேரனுக்கு ஏழு நாள் குடுத்தேன், எட்டாம் நாளு கண்ணு வெளுத்துடுச்சு, நீங்க என்னமோ சொல்றீங்களே?" என்பார்கள். பாட்டி பொய் சொல்லவில்லை. பேரனுக்கு வந்தது பெரும்பாலும் 'ஏ' வகையாக இருந்திருக்கும். அது மருந்து குடித்தாலும் இறங்கும், குடிக்காவிட்டாலும் இறங்கும். பத்தியம் என்ற பெயரில் எண்ணெயும் சாராயமும் தள்ளி, பையனைப் படுக்கவைத்து, மோரும் கஞ்சியும் கொடுத்தார்கள். அது ஈரலுக்கு நல்ல ஓய்வு. பேர் மட்டும் கீழாநெல்லிக்குப் போனது.

ஆபத்து அடுத்த வீட்டில்தான் இருக்கிறது. அங்கே பால் வெட்டுகிற ஓர் ஆளுக்குக் காய்ச்சலோடு கண் மஞ்சளாகிறது. "அந்த வீட்டுப் பையனுக்கு ஏழு நாளில் குணமாச்சு" என்று இவரும் ஏழு நாள் குடிக்கிறார். இவருக்கு வந்திருப்பது எலிக்காய்ச்சல். ஐந்தாம் நாள் சிறுநீர் நின்றுபோகிறது. ஏழாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது டாக்டர் கையில் நேரம் இல்லை. செடி இவருக்கு விஷமாகவில்லை. செடியை நம்பிக் காத்திருந்த அந்த நாட்கள்தான் விஷமாயின.

விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தது

படித்தவர்கள் இந்தச் செடியை எட்டிப் பார்க்கவே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஹெபடைடிஸ் 'பி' கிருமியைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு வாங்கியவர் அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பர்க். அந்தக் கிருமிக்குத் தடுப்பூசி போடும் வழியைக் கண்டவர்களிலும் அவர் ஒருவர். அவரே சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்தார். 1988ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. கிருமி உடம்பில் தங்கியவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. நம் பாட்டிமார் ஜெயித்துவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள்.

ஆனால் ஒரு தடவை வந்த பலன் மறுபடியும் வர வேண்டும், வேறு ஊரிலும் வர வேண்டும். தாய்லாந்தில் செய்து 1990ல் வெளியிட்ட சோதனையில் அந்தப் பலன் வரவில்லை. பிறகு பல நாடுகளில் நடந்த சோதனைகளை 2011ல் காக்ரேன் ஆய்வுக் குழு ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டது. வெறும் பொடியைவிட இது மேல் என்று நம்பும்படி ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

மூலிகைமேல் அன்பு வைத்த ஆட்கள், நேர்மையாகச் சோதித்துக் கண்ட விவரம் இது. இன்றைய நிலையில் ஹெபடைடிஸ் 'பி'யைக் கீழாநெல்லி போக்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். கிருமியை அடக்கி வைக்க நல்ல மாத்திரைகள் இப்போது இருக்கின்றன.

சிங்கப்பூர் செய்த காரியம்

சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் நம்மைப்போல் தோட்டம் இருந்தது. செம்பவாங், மண்டாய், நீ சூன் பக்கமெல்லாம் பால்மரம் நின்றது, தமிழர்கள் வெட்டினார்கள். அந்த நாட்டிலும் ஹெபடைடிஸ் 'பி' பெரிய தொல்லையாக இருந்தது. 1985ல் கிருமி உள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். 1987ல் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரிவாக்கினார்கள். பல நாடுகள் இதை யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர்கள் போட்டுவிட்டார்கள். அன்று ஊசி போட்ட பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். அந்தத் தலைமுறையில் இந்தக் கிருமி உள்ளவர்கள் மிகவும் குறைவு. மலேசியாவில் 1989 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் போடுகிறார்கள்.

இதிலிருந்து ஒரு கணக்கு தெரிகிறது. சிங்கப்பூரில் 1987க்கு முன், மலேசியாவில் 1989க்கு முன் பிறந்தவர்களில் பலருக்குச் சிறு வயதில் இந்த ஊசி கிடைத்திருக்காது. இந்தியா, இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்களிலும் பலருக்குக் கிடைத்திருக்காது. அவர்கள் எல்லாரும் ஒரு தடவை இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. கிருமி இல்லை என்றால் ஊசி போட்டுக்கொள்ளலாம். இருந்தால் வருஷா வருஷம் ஈரலைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கிருமி உள்ளவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கை குலுக்கினாலும், பக்கத்தில் படுத்தாலும் ஒட்டாது. அப்படிப்பட்டவரை ஒதுக்கி, தனிக் கோப்பை வைப்பது பாவம். சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும்.

பச்சைப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்

லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் இருக்கிறது கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி. எருமைத் தொழுவம் இருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். 1966ல் ஒரே வருஷத்தில் 39,000க்கும் அதிகமான பிள்ளைகள் அங்கே பிறந்தன. அது அந்நாளில் உலக சாதனை. அந்தக் காலத்தில் சிங்கப்பூர் டாக்டர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது, பிறந்த பிள்ளையின் காமாலை. மஞ்சள் மிதமிஞ்சி ஏறினால் மூளைக்குப் போய், பிள்ளை இறக்கும், அல்லது காது கேளாமல், கை கால் விளங்காமல் ஆகும். 'ஜி-6-பி-டி' என்ற சத்து இரத்தத்தில் குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். 1965 முதல் பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தத்தில் அதைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டையும், சில மூலிகைகளும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். காமாலையால் மூளை கெட்ட பிள்ளைகள் வெகுவாகக் குறைந்தன.

சீனர்கள் பிள்ளைக்குக் கொடுத்துவந்த 'ஹுவாங் லியான்' என்ற மூலிகையையும் 1978ல் சிங்கப்பூர் அரசாங்கம் தடை செய்தது. மறுபடி ஆராய்ந்து பார்த்து, 2013 முதல் கட்டுப்பாட்டோடு அனுமதித்தார்கள். மூலிகை என்பதற்காக ஆதரிக்கவும் இல்லை, மூலிகை என்பதற்காக வெறுக்கவும் இல்லை. அதுதான் நாமும் பின்பற்ற வேண்டிய வழி.

தாய்மார்களே, பிறந்த பிள்ளைக்குக் கண்ணோ உடம்போ மஞ்சளாகத் தெரிந்தால் கீழாநெல்லிச் சாறு ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். "வெயில்ல காட்டினா போதும்" என்றும் இருந்துவிடாதீர்கள். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் வந்தாலும், பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலும், இரண்டு வாரத்துக்குமேல் மஞ்சள் போகாவிட்டாலும், மலம் வெளுத்துப் போனாலும் உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பாச்சை உருண்டை போட்ட துணியைப் பிள்ளைக்குச் சுற்றாதீர்கள்.

பெரியவர்கள் குடிப்பதானால்

இரத்தம் பார்த்து, இது தானே இறங்கும் வகை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாட்டியின் மனத் திருப்திக்காக மோரில் கொஞ்சம் குடிக்க ஆசையா? டாக்டரிடம் சொல்லிவிட்டு, இவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

களைக்கொல்லி அடித்த நிரையிலும், பாதை ஓரத்திலும், சாக்கடை ஓரத்திலும் பிடுங்கக் கூடாது. களைக்கொல்லி அடித்தது யார்? நாம்தானே! எங்கே அடித்தோம் என்று நமக்கே தெரியும். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் பொதுப் பூங்காவில் செடி பறிக்க வேண்டாம். அனுமதியில்லாமல் பறிப்பது அங்கே குற்றம்.

கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் குடிக்க வேண்டாம். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. சர்க்கரை அளவுக்குமீறி இறங்கக்கூடும்.

டப்பா மருந்து வாங்கினால் தயாரித்தவர் பெயர், ஊர், தேதி இருக்கிறதா என்று பாருங்கள். 2004ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற விஷ உலோகங்கள் இருந்தன. சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையமும், மூலிகை என்று சொல்லி விற்றதில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்ததைப் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பேர் இல்லாத பொட்டலத்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், தொடாதீர்கள்.

ஒரு நாள் சம்பளமா, உயிரா?

நம் ஆட்கள் கிளினிக்குக்குப் போகாமல் கீழாநெல்லியை அரைப்பதற்கு நம்பிக்கை மட்டும் காரணமல்ல. பஸ் செலவு, அரை நாள் காத்திருப்பு, அன்றைய கூலி போய்விடுமே என்ற பயம். இதையும் சொல்லாமல் சுகாதாரம் பேசுவதில் அர்த்தமில்லை. மலேசியச் சட்டப்படி, டாக்டர் சீட்டு இருந்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. வேலையில் 2 வருஷத்துக்குக் குறைவானவர்களுக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 வருஷம் வரை 18 நாள், அதற்குமேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை. சிங்கப்பூரில் ஆறு மாதம் வேலை செய்தவர்களுக்கு 14 நாள், ஆஸ்பத்திரியில் படுத்தால் அதையும் சேர்த்து 60 நாள் வரை. இது யாரும் போடும் பிச்சையல்ல, சட்டம் தந்த உரிமை. மறுத்தால் தொழிற்சங்கத்தில் சொல்லுங்கள்.

மனத்தில் வைக்க வேண்டியவை:

1. கண் மஞ்சள், சிறுநீர் சாயம்போல் போனால் அன்றே கிளினிக்கில் காட்டி இரத்தம் பார்க்கணும்.

2. மஞ்சளோடு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிறுநீர் குறைவு, மயக்கம், புத்தி தடுமாற்றம், இரத்த வாந்தி இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

3. சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் பூட்ஸ் போட்டு இறங்கணும். கால் வெடிப்பை மூடிக் கட்டணும்.

4. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கணும். கெராங்கை நன்றாக வேகவைத்துத் தின்னணும்.

5. பிறக்கும் பிள்ளைக்கு ஹெபடைடிஸ் 'பி' ஊசியை ஒரு தவணையும் விடாமல் போடணும்.

6. காமாலை வந்தவர் சாராயம் தொடவே கூடாது.

கீழாநெல்லி கொல்லையிலேயே இருக்கட்டும். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இலையைத் திருப்பிக் காயைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் முன்னோர் அறிவு அது, மறக்கக் கூடாது. ஆனால் கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை, கீழாநெல்லி அதற்கப்புறம்தான்.